நாலே முக்கால் விசில்

ஜூன் 9, செவ்வாய்

சோப்புக் கம்பெனியில் மனிதவள அதிகாரியாக ஐந்தாவது மாதம். இன்னும் ஒரு மாதம் ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம். இலக்கியத்தில் முதுகலை முடித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "மனுஷங்களப் படிக்கிறதுதான் என் வேலை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். இதற்குச் சிரிப்பது மனைவி மட்டும்தான்.

இன்று மேனேஜர் பதினோரு ராஜினாமாப் படிவங்களை என் மேசையில் போட்டார். மூன்று மாதத்தில் பேக்கிங் பிரிவிலிருந்து மட்டும் பதினோரு பெண்கள். எல்லாவற்றிலும் ஒரே காரணம்: "சொந்தக் காரணம்."

"யாரால போறாங்கன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும்" என்றார்.

ஆழ்ந்து வாசிக்க ஒரு பிரதி கிடைத்துவிட்டது! கைகளைத் தேய்த்துக்கொண்டேன்.

ஜூன் 10

பேக்கிங் பிரிவுக்குப் போனேன். நான் நுழைந்ததும் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பயம். யாரிடம்? மேற்பார்வையாளர் அக்காவிடம்தான், வேறு யாரிடம். கழுத்தில் விசில் தொங்குகிறது. மருந்துக்குக்கூடச் சிரிப்பதில்லை. நாலே முக்காலுக்கு என் ஜன்னலுக்குக் கீழே அந்த விசில் காதைக் கிழித்தது. அதிகாரத்தின் ஓசை — அடடா, இதை அறிக்கையில் போட வேண்டும்.

ஜூன் 11

ஒன்பது பக்கம். தலைப்பு: 'மௌனமும் விசிலும்'. பதினாறு அடிக்குறிப்புகள். சோப்புக்கு அடிக்குறிப்பு போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூன் 12

மேனேஜர் கடைசிப் பக்கத்தில் இருந்த அக்காவின் பெயரை மட்டும் படித்தார். "பத்தொம்பது வருஷமா இருக்காங்க. சரி, திங்கக்கிழமை வேலைய விட்டு அனுப்பிடலாம்."

அனுப்புவதா? இடமாற்றம் என்றுதானே எழுதினேன்? ஏழாம் பக்கத்தில் இருக்கிறதே! வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஜூன் 13

மனைவியிடம் பெருமையாக ஆரம்பித்து, அக்காவின் வேலை போவதில் கொண்டுவந்து முடித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "போனவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது பேசினீங்களா?"

"படிவங்கள ஆழமா வாசிச்சேன்."

"அதுல போன் நம்பர் இல்லியா?"

இருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும். முதல் எண்ணை அழைத்தேன். எடுத்த பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்திருக்க வேண்டும், நடுநடுவே அதுவும் பேசியது.

"வேலை முடியிற நேரத்த அஞ்சு மணின்னு மாத்திட்டாங்க சார். கம்பெனி வேன் நாலே முக்காலுக்கே போயிடும். ரெண்டு பஸ் மாறி வீடு வந்து சேர ஏழாயிடும், புள்ளைய யாரு பாத்துக்குவா? பாவம் மேற்பார்வை அக்கா, தினம் கேட்டுக்கு ஓடி விசில் ஊதி வேனை நிறுத்தப் பாப்பாங்க. எத்தன நாளைக்குத்தான் அந்த டிரைவர் நிப்பாரு?"

"இத ஏம்மா படிவத்துல எழுதல?"

"காரணம் எழுத ஒரே ஒரு கோடுதான சார் விட்டிருந்தீங்க."

சாப்பாட்டு அறையில் நெரிசலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, மார்ச் மாதம் பேக்கிங் பிரிவின் வேலை நேரத்தை மட்டும் அரை மணி தள்ளி வைத்தது எந்தப் புத்திசாலி? அட்டவணையின் அடியில் சுழித்துச் சுழித்து இருக்கும் கையெழுத்து யாருடையது?

என்னுடையதுதான்.

ஜூன் 14

இன்னொன்றும் நினைவுக்கு வந்து தொலைத்தது. மார்ச்சிலேயே அக்கா ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருந்தார்: "புது நேரம் சரிவரல. மாத்திக் குடுங்க." நான் அதில் சிவப்பு மையால், "நல்ல தொடக்கம். காரணத்தை இன்னும் விரிவாக எழுதவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை. யார்தான் எழுதுவார்கள்?

பத்தொன்பது வருஷம்டா. பாவி.

ஜூன் 15

ஒன்பது மணிக்கே மேனேஜர் அறை வாசலில் நின்றேன்.

"அந்தப் பேரு தப்பு சார்."

"அப்ப சரியான பேரு?"

என் பெயரைச் சொன்னேன். அட்டவணையை நீட்டினேன். அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். "இதுக்கா ஒம்பது பக்கம் எழுதினீங்க?"

அக்காவின் வேலை தப்பியது. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. கழிப்பறையில் முகம் கழுவும்போது கண் எரிந்தது. சோப்பு என்று எழுதலாம்தான். அழுதேன்.

ஜூன் 16

அக்காவுக்கு மன்னிப்புக் கடிதம். இரண்டே வரி. அவர் மேசையில் வைத்துவிட்டுத் திருடன் மாதிரி ஓடி வந்தேன்.

ஜூன் 18

மீதிப் பத்துப் பேரையும் அழைத்தேன். இருவர் திட்டினார்கள். கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 22

இன்று முதல் பேக்கிங் பிரிவுக்குப் பழைய நேரம். நாலரைக்கு வேலை முடிந்தது, நாலே முக்காலுக்கு வேன் கிளம்பியது. விசில் இல்லை. போன பதினோரு பேரில் நான்கு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

மதியம் என் மன்னிப்புக் கடிதம் என் மேசைக்கே திரும்பி வந்திருந்தது. பெட்டிகளின் மேல் எழுதுகிற தடித்த கறுப்பு மார்க்கரில், அடியில் அக்காவின் கையெழுத்து: "நல்ல தொடக்கம். காரணத்தை இன்னும் விரிவாக எழுதவும்."

பேனாவை எடுத்தேன். மூடி வைத்தேன். கீழே இறங்கி, நேராகப் பேக்கிங் பிரிவுக்குப் போனேன். நான் நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

இரண்டு பேர் நிறுத்தவில்லை.