சிவப்புப் போர்வை காய்ந்த அன்று

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உடம்பளவில் இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், போன வாரம் போனில் இருமினாயே, வெந்நீர் குடிக்கிறாயா இல்லையா. அக்கா வந்து இருந்துவிட்டுப் போனாள். உன் அறைச் சன்னல் கம்பியைத் துரு தின்றுவிட்டது, ஆளிடம் சொல்லியிருக்கிறேன், இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று காலம் கடத்துகிறான். நீ லீவில் வருவதற்குள் அப்பாவைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல வழியில்லை, மணி அடித்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

மாடிக்குப் புதிதாகக் குடி வந்திருக்கும் டீச்சர் ஒரு சிவப்புப் போர்வையைத் துவைத்துக் கடல் பக்கக் கொடியில் காயப்போட்டுவிட்டாள். வெளியூர்க்காரி, அவளுக்கு என்ன தெரியும். நம் ஊரில் இன்றுவரை யாரும் அந்தப் பக்கம் சிவப்புத் துணி போடுவதில்லை. கேட்டால் உப்புக்காற்றில் சாயம் போய்விடும் என்பார்கள். சாயமாவது மண்ணாங்கட்டியாவது. கடத்தல் நடந்த காலத்தில் ஊருக்குள் வரும் ஒரே சாலை நம் மாடியிலிருந்துதான் நன்றாகத் தெரியுமாம். சுங்கத்துறை ஜீப் கண்ணில் பட்டதும் என் மாமியார் கொடியில் சிவப்புத் துணியை விரித்துவிடுவாராம். அதைக் கடலிலிருந்து பார்க்கிற படகுகள் கரைக்கு வராது. வாட்சோ ரேடியோவோ தங்கமோ, சரக்கோடு மிதவையும் உப்பு மூட்டையும் சேர்த்துக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடும். உப்பு கரைந்து கனம் குறைந்ததும் சரக்கு தானாக மேலே மிதந்து வரும், அதற்குள் ஜீப் திரும்பிப் போயிருக்கும். இதையெல்லாம் நான் மளிகைக் கடையில் நின்று கேட்டதுதான். இப்போது ஊரில் எல்லாரும் அந்தக் கதையை வீரப் பிரதாபமாக அளக்கிறார்கள். உன் அப்பா மட்டும் கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் மூச்சு விட்டதில்லை. மீன் பிடித்தோம் என்பார், அவ்வளவுதான்.

அன்று காலை அவர் பொழுது போகாமல் பக்கத்து வீட்டுப் படகுக்காரரோடு கடலுக்குப் போயிருந்தார். திரும்பும்போது போர்வையைப் பார்த்திருக்கிறார். உடனே மீன் பெட்டி, ஐஸ் பெட்டி, புது வலை, சாப்பாட்டுத் தூக்கு, தன் செல்போன் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தண்ணீரில் தள்ளிவிட்டார். படகுக்காரர் முதலில் சிரித்தாராம், அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். கரைக்குப் போகவும் விடவில்லை. படகுக்காரர் எனக்குப் போன் செய்து, "அக்கா, மொதல்ல அந்தப் போர்வைய எடுங்க, அது இருக்கிறவரைக்கும் அண்ணன் என்னைக் கரை ஏற விடமாட்டாரு" என்றார். நான் மாடிக்கு ஓடினேன். டீச்சர் பாவம், என்ன குற்றம் செய்தோம் என்று புரியாமல் பேந்தப் பேந்த விழித்தாள். ஈரத்தோடு சுருட்டி உள்ளே வைத்த பிறகுதான் படகு வந்தது. இறங்கி வந்தவர் என்னைப் பார்த்து, "நல்ல வேளைம்மா, சரியான நேரத்துல போட்ட" என்றார். என்னைத் தன் அம்மா என்று நினைத்துப் பேசினார் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

டாக்டரிடம் காட்டினோம். வயதானால் வருகிற மறதிதான், கூடிக்கொண்டே போகும், திரும்பாது என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார், வேளை தவறாமல் தருகிறேன், சாப்பாடும் தூக்கமும் குறைவில்லை. வலைக்கு அக்கா வீட்டுக்காரர் ஏற்பாடு செய்துவிட்டார், அதை நினைத்து நீ மண்டையை உடைத்துக்கொள்ளாதே. தினமும் கரைக்குப் போய் நின்று, "இன்னும் உப்பு கரையலையே" என்று சொல்லிவிட்டு வருகிறார். நானும் ஆமாம் என்று சொல்லி வைக்கிறேன்.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கூடத்துச் சுவரில் நீ சுங்கத்துறை உடுப்பில் நிற்கிற போட்டோ இருக்கிறதே, நேற்று அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். யார் இவன் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "மொகத்தப் பாத்தா நல்ல பையனாத்தான் தெரியுது. வீட்டுக்கு வந்தா உக்காரச் சொல்லு, குடிக்கத் தண்ணி குடு. எது கேட்டாலும் தெரியாதுன்னுடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்புறம் போட்டோவைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாயங்காலம் என்னிடம், உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு மகள் இருக்கிறாள் என்றேன். மகன் இல்லையா என்றார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் என்னிடம் மறைத்ததெல்லாம் வாட்சும் ரேடியோவும்தான், நான் அவரிடமிருந்து உன்னையே மறைத்து வைத்திருக்கிறேன்.

கோபப்படாதே. நீ நீண்ட ஆயுளோடு எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. வரும்போது சாதாரணச் சட்டையில் வா, ஆபீஸ் பையை ரயில் நிலையத்திலேயே அக்காவிடம் கொடுத்துவிடு. என்ன வேலை என்று அவர் கேட்டால் உனக்கு வாயில் வருவதைச் சொல். அப்பா என்று மட்டும் எடுத்த எடுப்பில் கூப்பிட்டுவிடாதே.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா