வாக்கியத்தின் மீதி

நெய்வேலி

அன்பு மகளுக்கு,

அடுத்த மாதம் மாப்பிள்ளை வரும்போது அவர் மொழியில் நாலு வார்த்தை பேசலாமென்று, பக்கத்து பிளாக் டெய்சியிடம் இத்தாலியன் படிக்கிறேன். அவள் இத்தாலியில் நர்ஸாக இருந்தவள்.

நேற்று, நடக்காமல் போனதைச் சொல்லும் பாடம். ‘மகள் கல்யாணத்துக்கு வந்திருப்பேன்’ என்று எழுதினேன்.

“எது நடந்திருந்தா வந்திருப்பீங்க அங்கிள்? அதையும் எழுதுங்க” என்றாள்.

‘மைன்ஸில் லீவு கிடைத்திருந்தால்’ என்று, உன்னிடம் சொன்ன காரணத்தையே எழுதப் போனேன். நோட்டை மூடிவிட்டேன்.

லீவு சாங்க்ஷன் ஆகியிருந்ததம்மா. நான்தான் கேன்சல் செய்தேன். பெண் தானாகவே தேடிக்கொண்டாளா என்று இங்கே கோயிலில் நாலு பேர் கேட்பார்களே என்று கூசினேன். இப்போது உன் முகத்தை நினைத்தால்தான் கூசுகிறது.

டெய்சியிடம் நோட்டைக் காட்டவில்லை. மீதியை உனக்கே எழுதுகிறேன்: எனக்கு மனசு இருந்திருந்தால் வந்திருப்பேன்.

உன் அப்பா