ரெண்டு கட்டை கீழே

பிப்ரவரி 11, செவ்வாய்

மருந்துக்கடையில் நின்றிருந்தேன். முகக்கவசம், குளிர்க்கண்ணாடி, தலையில் துணி. அப்படியும் கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "மேடம், நீங்கதானே? அந்த 'வா'... ஒரே ஒரு தடவை! என் பொண்ணு லைன்ல இருக்கா." போனை என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார். பின்னால் நாலு பேர் வரிசையில். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டேன். "பாவம், ரொம்பத்தான் பிகு" என்று ஒரு அம்மா முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. எனக்குத் தொண்டையில்தான் ஆபரேஷன் அம்மா, காதில் இல்லை.

இருபது வயதில் பியானோ முன் உட்கார்ந்து நானே எழுதி, நானே பாடிய பாட்டு அது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் அது 'வா' பாட்டு. பல்லவி முடிகிற இடத்தில் அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு மேலே, இன்னும் மேலே என்று போவேன். அதற்கப்புறம் எத்தனையோ பாட்டு எழுதிவிட்டேன். யார் கேட்டார்கள்? இந்த வீடும் பேரும் அந்த ஒரு எழுத்து போட்ட சோறு.

மருந்துக்கடைக்கு முன்னால் டாக்டரம்மாவிடம் போயிருந்தோம். "குரல் நாண்ல இருந்த முடிச்சை எடுத்தாச்சு. காயம் நல்லா ஆறியிருக்கு. பாட ஆரம்பிக்கலாம். ஆனா மேல் சுருதியில இருந்தது எல்லாம் திரும்பி வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்." அக்கா உடனே, "வந்துடும் டாக்டர், கவலைப்படாதீங்க" என்றாள். டாக்டருக்கே ஆறுதல் சொல்லுகிற ஆள் உலகத்தில் என் அக்கா ஒருத்திதான். இப்படிப் பேசித்தான் இத்தனை வருஷமாக என் கச்சேரி, கணக்கு, சண்டை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 12

பாடிப் பார்த்தேன். வரவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

இன்றைக்கும் இல்லை. 'வா'வில் பாதி தூரம் போனதும் குரல் காற்றாகிவிடுகிறது. ஒருவேளை பயத்தினாலா? பயம் என்றால் முதல் வரியிலேயே நடுங்க வேண்டாமா?

குண்டூசி வந்தான். எங்கள் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவன். ஆள் அந்தக் கனம்தான். முதல் நாளிலிருந்து கூட இருப்பவன் என்பதால் எதையும் மூடி மறைக்கத் தெரியாது. ஒரு தடவை கேட்டுவிட்டு, "சுருதியை ரெண்டு கட்டை இறக்கிப் பாடு, வந்துடும்" என்றான்.

"என் விரலுக்கு அந்தச் சுருதிதான் தெரியும். இறக்கினா வேற கட்டையில வாசிக்கணும். புதுசா கத்துக்கணும்டா."

"கழுதை, எலக்ட்ரானிக் கீபோர்டுல பட்டன் இருக்கே! நீ பழைய கட்டையிலயே வாசி. சத்தம் மட்டும் ரெண்டு கட்டை கீழ வரும். நான் கிதார்ல இறக்கிக்கறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

பட்டனை அழுத்தினான். வாசித்தேன். கை வழக்கம்போல ஓடியது, சத்தம் கீழே கேட்டது. கொஞ்ச நேரம் தலை சுற்றியது. பிறகு 'வா' வந்தது! பழைய பளபளப்பு இல்லைதான். ஆனால் வந்தது. இரண்டு பேரும் கூடத்தில் குதித்தோம். என் வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எதாவது உடைஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று முதல் கச்சேரி. சின்ன அரங்கம். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இன்றைக்குப் பேப்பரில் கொட்டை எழுத்தில், 'அதே குரல், அதே உயரம்.' அக்கா அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

பால் எடுக்கும்போதெல்லாம் படிக்க வேண்டியிருக்கிறது. அதே உயரமாம். எரிச்சலாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 29, சனி

ஐயோ.

மார்ச் 30, ஞாயிறு

நேற்று ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. 'வா' பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்க் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. ஆனால் கீபோர்டு அணைந்து எழுந்துவிட்டது. எழுந்தால் பட்டன் போட்டதெல்லாம் மறந்து பழைய சுருதிக்கே போய்விடும் சனியன்.

நான் வாசிக்கிறேன், பழைய சுருதி. குண்டூசி வாசிக்கிறான், ரெண்டு கட்டை கீழே. இரண்டு பேர் வேற வேற பாட்டைப் பாடிச் சண்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம். நிறுத்தியிருக்கலாம் இல்லையா? ஏன் நிறுத்தவில்லை? பிடிவாதம். காது கீபோர்டு பின்னாடியே போயிடுச்சு, போய் 'வா'வுல ஏறி, அங்க என் குரல் தகரம் கிழிஞ்ச மாதிரி கிழிஞ்சு...

முன்வரிசையில் ஒருத்தர் காதைப் பொத்திக்கொண்டார். அதைத்தான் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது.

மார்ச் 31

யாரோ என் 'வா'வைக் கார் ஹாரன் சத்தத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறான். நல்லாத்தான் பண்ணியிருக்கான், படுபாவி. சிரித்துவிட்டு, குளியலறையில் போய் அழுதேன்.

ஏப்ரல் 2, புதன்

மே 17 பெரிய கச்சேரி. டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது. நடத்துபவர்கள் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம்: 'வா' பாட்டுக்குப் பழைய பதிவின் குரலை ஓடவிடுவோம், மேடம் பியானோவில் உட்கார்ந்து வாயை அசைத்தால் போதும்.

"ஊர்ல எல்லாரும் பண்றதுதான்" என்றாள் அக்கா.

"அப்போ நான் எதுக்கு? என் போட்டோவை பியானோ மேல வச்சிட்டு வந்துடு."

"பேச்சு மட்டும் கட்டை இறங்கல உனக்கு!"

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம். கடைசியில் அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "ஊரே உன்னைப் பார்த்துச் சிரிச்சதை நான் உட்கார்ந்து பார்த்தேன்டி. இன்னொரு தடவை என்னால முடியாது. உன்னால முடியலாம். என்னால முடியாது."



ஏப்ரல் 4, வெள்ளி

ஒரு சமாதானம் ஆயிற்று. மேடையில் வைக்கப்போவது நிஜப் பியானோ. பெரிசு, கறுப்பு, பட்டன் கிட்டன் ஒன்றும் கிடையாது. அதனால் புதுச் சுருதியில் என் கையே வாசிக்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் நானே பாடலாம்.

ஆனால் அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்றால்? மேடையில் போய் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு அக்கா ஒரு வழி சொன்னாள். நான் பாட்டைக் கீழே ஆரம்பித்தால், மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்க்கிற சவுண்ட் அண்ணன் எதையும் தொடமாட்டார். பழைய சுருதியில் ஆரம்பித்தால், அதுதான் சைகை. பழைய குரலை ஓடவிடுவார். குண்டூசியும் அதற்கேற்ற மாதிரி மாறிக்கொள்வான்.

"பாதுகாப்புக்குத்தான்" என்றாள். சரி என்றேன். அவள் தூங்க வேண்டும் இல்லையா?

ஏப்ரல் 11

கறுப்பு. கறுப்பு. வெள்ளை. கறுப்பு. இல்லை, வெள்ளை. எழவு.

ஏப்ரல் 19, சனி

இந்தப் பாட்டைப் போட்டபோது எனக்கு வெள்ளைக் கட்டைகளில்தான் தைரியம். அதனால் முழுப் பாட்டும் வெள்ளையிலேயே ஓடும். ரெண்டு கட்டை இறக்கினால் பாதி கறுப்பில் விழுகிறது. கட்டைவிரலுக்கு இடமில்லை. இடது கை, சொல்லச் சொல்லக் கேட்காமல் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. என் பாட்டை நானே எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருக்கிறேன். மானக்கேடு.

வீட்டுக்காரர் இன்று காலை, "இந்தப் புதுப் பாட்டு நல்லாருக்கே" என்றார். பதினாறு வருஷக் குடும்பம்! தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் யோசித்தேன். நல்லாருக்குன்னுதானே சொன்னார்?

மே 6, செவ்வாய்

பிழையில்லாமல் முழுசாக மூன்று தடவை. கீழே பாடும்போது வார்த்தைகள் எல்லாம் காதில் விழுகின்றன. மேலே பாடின காலத்தில் எப்போது 'வா' வரும், எப்போது 'வா' வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது சரணம் இவ்வளவு சோகமானது என்று இப்போதுதான் தெரிகிறது. எழுதினவளே நான்தான்!

மே 16

தொண்டை நன்றாக இருக்கிறது. கை நன்றாக இருக்கிறது. அக்காதான் நாலாவது காப்பி.

மே 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். காலையிலிருந்து ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றப் பாட்டெல்லாம் நன்றாகப் போயிற்று. கடைசிக்கு 'வா'. விளக்கெல்லாம் அணைத்து என்மேல் ஒன்று மட்டும். பியானோவில் கை வைத்தேனோ இல்லையோ, அத்தனை கூட்டமும் ஒரு கூச்சல் போட்டது பார்! அந்தக் கூச்சலை இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகின கை இது. எனக்காகக் காத்திருக்கவில்லை. அதுபாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

சுலபமாக இருந்தது. வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று தோன்றினபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். குண்டூசியைப் பார்த்தேன். அவன் கண்ணை உருட்டிக்கொண்டு என்னையே பார்த்தான். குனிந்தேன். வெள்ளை. எல்லாம் வெள்ளை.

முன்வாசிப்பு முடிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் என் குரல் வந்துவிட்டது. சவுண்ட் அண்ணன் சொன்ன சொல் தவறாத மனுஷர்.

பின்னால் வீடு மாதிரி பெரிய திரை. அதில் என் முகம். வாய் மூடியிருக்கிறது. பாட்டு ஓடுகிறது. கூச்சல் முன்வரிசையில் அடங்கி, நடுவில் அடங்கி, கடைசியாகப் பின்னாலும் அடங்கிவிட்டது. மேடை ஓரத்தில் அக்கா, "அசை, அசை" என்று தன் வாயை அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அசைத்திருக்கலாம். ஒரு வரிதான் போயிருந்தது. கேமரா தப்பு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

கையை எடுத்துவிட்டேன். எடுத்துக் கேட்டேன். என்ன அழகாப் பாடறா இந்தப் பொண்ணு! சத்தியமா அதுதான் தோணிச்சு. பொறாமையே இல்ல. நல்லாப் பாடுடி, நல்லாயிருன்னு தோணிச்சு. அப்புறம் சவுண்ட் அண்ணனுக்குக் கையைத் தூக்கினேன். நிறுத்தினார்.

மைக்கில் சொன்னேன்: "அது நான்தான். இருபது வயசுல."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. ரெண்டு கட்டை கீழ குடி வந்துட்டேன். கைக்கு மட்டும் இன்னும் அட்ரஸ் தெரியல. பழைய வீட்டுக்கே போய் நிக்குது."

எங்கேயோ ஒருத்தர் சிரித்தார். பிறகு ஒரு பக்கம் முழுக்க. "புது வீட்டைப் பார்க்கறீங்களா?" என்று கேட்டேன். 'பார்க்கறோம்' என்றார்கள். எல்லாரும் இல்லை. கொஞ்சம் பேர். எனக்கு அது போதும்.

கறுப்பில் கை வைத்தேன். முதல் வரியில் ஒரு விரல் சறுக்கியது. இரண்டாவது வரியில் ஏதோ கேட்டது. ஸ்பீக்கரில் கோளாறு என்று நினைத்தேன். முன்வரிசையில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளும் பாடினாள். அப்புறம் ஆம்பளைகள், கனத்த குரலில்.

இந்தப் பாட்டை யாரும் என் கூடப் பாடினதே கிடையாது. அந்த உயரத்துக்கு யார் வர முடியும்? போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சர்க்கஸ் பார்க்கிற மாதிரி விழுவேனா மாட்டேனா என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு வார்த்தை தெரியும் என்பதே நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சோகமான இரண்டாவது சரணம் முழுக்கத் தெரிந்திருக்கிறது! 'வா' வந்தபோது நான் சரியாகப் பாடினேனா, தெரியவில்லை. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இறங்கி வந்ததும் அக்கா தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அசைன்னு சொன்னேன்ல, லூசு!" அப்புறம் விடவே இல்லை. என் கழுத்தெல்லாம் ஈரம்.

இன்றைக்கு ஒரு பேப்பரில் 'மேடையில் அம்பலமான மோசடி' என்று போட்டிருக்கிறார்கள். சில பேர் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கிறார்களாம். கேட்கட்டும், அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை. அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வருகிறது.

மே 27

'வா' பாட்டைக் கீழ்ச்சுருதியிலேயே பதிவு செய்து தரச் சொல்லி ஒரு இசைக் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். குண்டூசி அதற்கென்று இப்போதே புதுச் சட்டை வாங்கிவிட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுதான் இனிமே உங்க குரல்." சரி டாக்டர் என்றேன். அக்காவும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது காரை அக்கா ஓட்டினாள். ரேடியோவில் புதுப் பதிவு வந்தது. நான் வெட்கப்பட்டு அணைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். பாட ஆரம்பித்தாள். எங்கள் அக்கா! இத்தனை வருஷத்தில் எந்த மேடை ஓரத்திலும் ஒரு முணுமுணுப்புக்கூடக் கேட்டதில்லை. சிக்னலில் நின்றோம். பக்கத்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு, 'வா'வை இழுத்தாள் பார், மூச்சு முட்ட.

சுருதி சேரவில்லை. நான் அவளுக்குக் கொஞ்சம் கீழே போய்ச் சேர்ந்துகொண்டேன்.