மதுமிதாவுக்குச் சொல்லிக் குடுத்த சொல்

ஒக்டோபர் 6, திங்கள். ஹேர்னிங், டென்மார்க்.

விடிய இருந்து மழை. காத்துக்குக் குப்பை வாளி றோட்டிலை விழுந்து கிடந்தது, போய் இழுத்துக்கொண்டு வந்தன். இண்டைக்கு டூட்டி இல்லை. யன்னல் துடைக்கோணும், காருக்கு வின்ரர் ரயர் மாத்த நேரம் எடுக்கோணும். ஒண்டும் செய்யேல்லை.

பத்து மணிபோலை சங்கத் தலைவர் போன் எடுத்தார்.

"சறோக்கா, ஓகூஸிலை அவுஸ்திரேலியாவிலை இருந்து ஒரு நாடகம் வருது. அங்கத்தை மேடையிலை மைல்கல் எண்டு சொல்லுற நாடகமாம். யாழ்ப்பாணத் தமிழ் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணுமாம். நீங்கள் அந்தக் காலத்திலை மேடையேறினனீங்கள்தானே?"

"என்ன நாடகம்?"

"வெளிக்கிட்டாச்சு."

போனை வைச்சிட்டுப் பாத்தால் பருப்பு அடிப்பிடிச்சுக் கரி. சட்டியை இன்னும் ஊறப் போட்டிருக்கிறன்.

ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஏன் சொன்னன் எண்டு அப்ப விளங்கேல்லை. இப்ப நல்லா விளங்குது.

பின்னேரம் இவரிட்டைச் சொன்னன். "விடுமப்பா, எத்தினை வருசமாச்சு" எண்டார். விடுறதாம். பக்கத்து வீட்டு டேனிஷ்காரன் வேலியை அரை அடி தள்ளிப் போட்டதை இந்த மனிசன் இண்டைக்கும் விடேல்லை. என்ரை நாடகத்தை மட்டும் நான் விடோணும்.

எழுதி வைக்கிறன். ஆருக்கும் முழுசாச் சொன்னதில்லை. மகள் ஆரணிக்கும் சொன்னதில்லை.

சிட்னி, தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபம். யோகன் அண்ணை எழுதிப் போட்ட நாடகம். மனிசி நான்தான். புருசனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். செத்திட்டார் எண்டு செய்தி வருது, இவள் நம்பேல்லை. ஒவ்வொரு நாளும் சீலை உடுத்து, வெளிக்கிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு வரப் போறன் எண்டு கதிரையிலை இருக்கிறாள். தலை நரைக்கிற வரைக்கும். அவ்வளவுதான் கதை.

முதல் நாள் அவதியிலை ஓடினதிலை, சீலைக்குக் குத்துற பின் வாயிலையே இருந்திட்டுது. எடுக்க நேரமில்லை. பல்லாலை கடிச்சபடி கதைச்சன். சனம் மூச்சுக் காட்டேல்லை. "இனி ஒவ்வொரு நாளும் பின் வாயிலை இருக்கோணும் சறோ" எண்டார் யோகன் அண்ணை. கடைசி வசனத்துக்கு மட்டும் பின்னை வெளியிலை எடுக்கிறது.

கடைசி வசனமும் என்ரை. எழுத்திலை இருந்தது "நான் இதை நம்பமாட்டேன்". சீ, ஆர் அப்பிடிக் கதைக்கிறது? செத்த செய்தி கேட்டால் முழுகோணும். முழுகினால் ஆள் செத்ததை ஒத்துக்கொண்டது மாதிரி. அதாலை நான் சொன்னன்: "நான் இன்னும் முழுகேல்லை." முன்வரிசையிலை ஒரு மனிசி வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி வெளியிலை போனது இப்பவும் கண்ணுக்கை நிக்குது.

பேந்து பெரிய தியேட்டர்க்காரர் எடுத்தினம். இங்கிலிஷிலை. "உம்மடை இங்கிலிஷ் காணாது சறோ" எண்டார் யோகன் அண்ணை. மதுமிதா வந்தாள். சென்னையிலை பிறந்து நாலு வயசிலை சிட்னிக்கு வந்தவள், நடிப்புப் படிச்சவள். மூண்டு கிழமை என்ரை வீட்டிலை, என்ரை காலடியிலை இருந்து பழகினாள். நான் இருக்கிறது, எழும்புறது, கொய்யகம் மடிக்கிறது, பின் கடிக்கிறது. ரேப்பிலை குரலும் பிடிச்சாள். நான் மடைச்சி தேத்தண்ணி போட்டுக் குடுத்துக்கொண்டு இருந்தன்.

அந்த வருசமே கலியாணம் பேசி இஞ்சை வந்திட்டன். அவளுக்கு விருது, பேப்பரிலை படம், அவுஸ்திரேலிய மேடை எண்டு எழுதுற புத்தகமெல்லாத்திலையும் அந்தப் பின். ஒரு பேட்டியிலை கேட்டினம், அந்தப் பின் எப்பிடி வந்தது எண்டு. சிரிச்சுக்கொண்டு சொன்னாள்: "அது தானா வந்தது."

தானா வந்ததாம்.

ஒக்டோபர் 8, புதன். ஓகூஸ்.

காத்து, மழை இல்லை. ரெயினிலை வந்தன், மகளின்ரை வீட்டிலை தங்கல். ரெண்டு நாள் லீவு. நான் வேலை செய்யிற பிளையயெமிலை, வயோதிபர் இல்லத்திலை, என்ரை கிழவன் ஒருத்தர் கோவம், சறோ இல்லாட்டில் சாப்பிடமாட்டாராம். அவருக்காவது தெரியுது.

தியேட்டர் வாசலிலை பெரிய போஸ்டர். ஒரு வாய், ஒரு பின். வேறை ஒண்டும் இல்லை. அது என்ரை வாயெல்லே எண்டு நிண்டு கத்தோணும் போலை இருந்தது. சைக்கிளிலை போன பெட்டை மணி அடிச்சாள், விலத்தி நிண்டன்.

மதுமிதா ஓடி வந்து கட்டிப் பிடிச்சாள். "அக்கா! ரொம்ப தேங்க்ஸ். யாழ்ப்பாணத் தமிழ்னா எனக்கு உயிர், தெரியுமா? அவ்ளோ மியூசிக்கல்!" வாசனை எண்ணெய் மணம். நரைச்ச தலையை அப்பிடியே விட்டிருக்கிறாள், வடிவாத்தான் இருக்கு. அதுவும் எரிச்சல்.

கண்ணுக்கு நேரை பாத்தாள். தெரியேல்லை. என்னைத் தெரியேல்லை! என்ரை கழுத்திலை தொங்கின அட்டையிலையும் சறோ எண்டு இல்லை, திருமதி எண்டு இவரின்ரை பேர்தான். யோகன் அண்ணை வரேல்லை, முழங்கால் சத்திரசிகிச்சையாம். வந்திருந்தால் என்னை ஆரெண்டு சொல்லியிருப்பார், அங்கையே முடிஞ்சிருக்கும்.

"அக்கா, நீங்க முன்னாடி நடிச்சிருக்கீங்களா?"

"இல்லை" எண்டன்.

உண்மையிலை சொல்லுறன், அந்த நேரம் வரைக்கும் ஒழுங்காச் சொல்லிக் குடுக்கத்தான் இருந்தனான். முகத்தைக் கண்டு, பேரைக் கேட்டு, ஒருக்கா வெக்கப்பட்டாள் எண்டால் எனக்குக் காணும் எண்டு நினைச்சன்.

யூரோப்புக்கு எண்டு கடைசி வசனத்தைத் தமிழிலை சொல்லப் போகினமாம். "இங்கிலிஷ்ல 'நான் குளிக்கலை'ன்னு வருது அக்கா. தமிழ்ல அப்படியே சொன்னா ஃபிளாட்டா இருக்கு. ஜாஃப்னால இதுக்குன்னு ஒரு வார்த்தை இருக்கணுமே?"

இருக்கணுமே. மூண்டு கிழமை ரேப்பிலை பிடிச்சது எங்கை போச்சுது? என்னை மறந்தது போகட்டும், என்ரை வாய்ச்சொல்லையும் மறந்திட்டாள். எடுத்தவளுக்கு எடுத்தது என்னெண்டும் தெரியேல்லை.

சொன்னன்: "முழுகாமல் இருக்கிறன் எண்டு சொல்லோணும்."

நானே எதிர்பாக்கேல்லை. வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது.

"முழுகாமல்... இருக்கிறன்." கண்ணை மூடிச் சொல்லிப் பாத்தாள். "காட், என்ன அழகு!"

அழகுதான். ஊரிலை அதைக் கேட்டால் அடுத்ததாக் கேக்கிறது எத்தினை மாசம் எண்டுதான். புருசன் போன நாளிலை இருந்து பிள்ளைத்தாச்சியாம், கிழவி. எஸ்பியர்க், ஹேர்னிங் எண்டு எங்கடை சனம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு வரும். அவுஸ்திரேலிய மேடையின்ரை மைல்கல், சனத்தின்ரை சிரிப்பிலை சரியப் போகுது.

"முழு"வை நீட்டக்கூடாது எண்டு திருத்தியும் விட்டன்.

ஒக்டோபர் 9, வியாழன். ஓகூஸ்.

வெயில், ஆனால் குளிர். ஒத்திகை. அவள் முப்பது தரம் சொல்லியிருப்பாள், ஒவ்வொரு தரமும் திறம். பொறாமையாத்தான் இருக்கு, இல்லை எண்டு இஞ்சை ஏன் பொய் எழுதுவான். அந்தக் கதிரையிலை இருக்கிற இருப்பு என்ரை. ஆனால் அவள் அதை என்னிலும் வடிவாச் செய்யிறாள். இத்தினை வருசம் ஒவ்வொரு நாளும் மேடை. நான் இத்தினை வருசம் கிழடுகளுக்குக் கால் உறை போட்டன்.

இடைவேளையிலை எனக்குக் கோப்பி கொண்டந்து தந்தாள். "சக்கரை எத்தனை அக்கா?" பாவம் எண்டு ஒரு கணம் வந்தது. பேந்து அவளை ஆரோ வந்து படம் எடுத்தினம், பின்னை வாயிலை வைச்சுக்கொண்டு. பாவம் போட்டுது.

ஆரணிக்கும் இதிலை வேலை. ஞாயிறு நாடகம் முடிய மேடையிலை கலந்துரையாடலாம், மூண்டு மொழிக்கும் இவள்தான் மொழிபெயர்ப்பு. "அம்மா, ஷீ இஸ் அமேசிங்" எண்டாள் என்னட்டை. நான் வெங்காயம் வெட்டினன்.

"உங்கடை அம்மாவும் நடிச்சவதான்" எண்டன்.

டேனிஷிலை சொன்னாள், "ஓம் அம்மா, தெரியும், பள்ளிக்கூட நாடகம்."

பள்ளிக்கூட நாடகம்.

ஒக்டோபர் 11, சனி. ஹேர்னிங்.

மப்பு. காலமை டூட்டி, கிழவன் சாப்பிட்டார். போன் ஓயேல்லை. எஸ்பியர்க்கிலை இருந்து பஸ் பிடிச்சு வருகினமாம். எல்லாருக்கும் சொன்னன், கட்டாயம் வாங்கோ, முன்னுக்கு இருங்கோ, கடைசி வசனத்தைக் கவனமாக் கேளுங்கோ எண்டு.

பச்சைக் காஞ்சிபுரம் அயர்ன் பண்ணியாச்சு. அதுக்குப் பின் தேடி அலுமாரி முழுக்கக் கிளறினன். இவர் கேட்டார், "என்னப்பா, கலியாண வீடே?"

"செத்த வீடு" எண்டன். சிரிச்சார். பகிடி எண்டு நினைச்சிட்டார்.

ஒரு பயமும் இல்லை. பசி மட்டும் சரியான பசி.

ஒக்டோபர் 12, ஞாயிறு. திரும்பி வாற வழியிலை, காரிலை எழுதுறன்.

மழை. கார் குலுங்குது, எழுத்து வாசிக்கேலாமல் வரும்.

பின்னேரக் காட்சி. மண்டபம் நிறைஞ்சுது, பாதி எங்கடை சனம். நான் நாலாவது வரிசை, இவர் பக்கத்திலை. கடைசிக் காட்சி. மதுமிதா கதிரையிலை, சீலை உடுத்து, வெளிக்கிட்டு. வாயிலை பின். எடுத்தாள்.

"அவர் போன நாளிலை இருந்து நான் முழுகாமல் இருக்கிறன்."

முதல் ஒண்டும் இல்லை. பேந்து எனக்குப் பின்னாலை ஒரு மனிசிக்கு மூக்காலை சிரிப்பு. சங்கத் தலைவரின்ரை மனிசி சீலைத் தலைப்பை வாயுக்கை அடைஞ்சா. பிறகு அடக்கேலாமல் போச்சுது, வரிசை வரிசையாச் சிரிப்பு. டேனிஷ் சனம் திரும்பித் திரும்பிப் பாக்குது. எஸ்பியர்க்கிலை இருந்து வந்த ஒருத்தர், வாய் சும்மா கிடக்காதவர், கத்தினார்:

"எத்தினை மாசம் அக்கா?"

மதுமிதா அப்பிடியே உறைஞ்சாள். முகத்திலை விளங்கின மாதிரித் தெரிஞ்சுது. விழு, விழு, விழு எண்டு எனக்குள்ளை சொன்னன்.

விழேல்லை. அந்தாளைத் தேடித் திரும்பினாள். கையை மெல்லமா வயித்திலை வைச்சாள். வைச்சுக்கொண்டு, ஆறுதலா, என்ரை யாழ்ப்பாணத் தமிழிலை சொன்னாள்:

"இருபது வருசம்."

லைற் அணைஞ்சுது.

சிரிச்ச வாயெல்லாம் மூடேல்லை, அப்பிடியே அழுகை. கத்தின மனிசன் கண்ணாடியைக் கழட்டினார். இவரும் அழுதார், வேலிக்காரனைத் தவிர ஒண்டுக்கும் அசையாத மனிசன். நானும் அழுதன், சனியன். அப்பிடி ஒரு இடம் எனக்கு அந்தச் சிட்னி மண்டபத்திலையும் வரேல்லை. என்ரை வேசத்தை எடுத்தாள். இப்ப பழி வாங்க வைச்சிருந்ததையும் எடுத்துத் தன்ரை தலையிலை பூவாச் செருகிப்போட்டாள்.

எழும்பிக் கை தட்டிச்சுதுகள், நிக்கவே இல்லை. நான் மட்டும் இருந்தன்.

பிறகு கலந்துரையாடல். ரெண்டு கதிரையிலை மதுமிதாவும் கேள்வி கேக்கிற டேனிஷ்காரியும், நடுவிலை ஆரணி, கறுப்புச் சட்டை, வடிவா இருந்தாள். டேனிஷ்காரி முதல் கேள்வியே அதைத்தான் கேட்டாள். அந்தக் கடைசி வசனம், அந்தப் பதில், எங்கை இருந்து வந்தது?

மதுமிதா சிரிச்சாள். தலைமயிரைக் கோதினாள். இங்கிலிஷிலை சொன்னாள், எனக்கு அந்தளவு இங்கிலிஷ் காணும்:

"அது தானா வந்தது."

ஆரணி அதை டேனிஷிலை சொன்னாள், தமிழிலையும் சொன்னாள். என்ரை பிள்ளையின்ரை வாயாலை.

கை தூக்கினன். "விடுமப்பா" எண்டு இவர் சீலையைப் பிடிச்சார், தட்டி விட்டன். மைக் வந்தது. எழும்பினன். ஹேர்னிங் முழுக்க என்னைப் பாக்குது. சொல்லாமல் இருந்தால் அது அவளின்ரை ஆகும். சொன்னால் ஏன் சொல்லிக் குடுத்தனான் எண்டும் சொல்லோணும். நாளைக்குச் சங்கத்திலை என்ரை பேர் நாறும். நாறட்டும் எண்டு நினைச்சன்.

"தானா வரேல்லை" எண்டன். "அந்தச் சொல்லை நான்தான் உனக்குச் சொல்லிக் குடுத்தனான். பிழை எண்டு தெரிஞ்சு சொல்லிக் குடுத்தனான், இவ்வளவு சனத்துக்கு முன்னாலை நீ நாறோணும் எண்டு. சரியான வசனம் 'நான் இன்னும் முழுகேல்லை.' சிட்னியிலை, பள்ளிக்கூட மண்டபத்திலை, நான் சொன்னது. அதுவும் என்ரை. அந்தப் பின்னும் என்ரை. மூண்டு கிழமை என்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பாத்துப் பழகினனீ. இப்பவும் என்னை ஆரெண்டு தெரியேல்லை உனக்கு."

டேனிஷ்காரி ஆரணியைப் பாத்தாள், என்ன சொல்லுறா எண்டு.

ஆரணி என்னைப் பாத்தாள். என்னை அவள் அப்பிடிப் பாத்ததில்லை. போச்சு, பிள்ளை வெக்கத்திலை எழும்பி ஓடப் போறாள் எண்டு நினைச்சன். அவள் மைக்கை எடுத்து டேனிஷிலை ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"அம்மா சொல்லுறா, அது தன்ரையாம்."

சொல்லிப்போட்டு மதுமிதாவின்ரை பக்கம் திரும்பி, அதையே இங்கிலிஷிலையும் சொன்னாள்.

மதுமிதா என்ரை முகத்தைப் பாக்கேல்லை. வாயைப் பாத்தாள். பாத்துக்கொண்டே இருந்தாள். நிறம் இறங்கினது நாலாவது வரிசைக்கும் தெரிஞ்சுது. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனாள்.

ஒண்டும் தானா வரேல்லை.