விட்டுவைத்த வளை

அம்மா,

மெல்போர்னிலிருந்து நீ அனுப்பிய பார்சல் வந்தது. ஸ்வெட்டர் சின்னது. நீ போய் மூன்று வருடத்தில் நான் வளர்ந்துவிட்டேன். அது கிடக்கட்டும்.

மண்வளைகளில் கையை நுழைத்துக் கறிக்காகக் கடற்பறவைக் குஞ்சு பிடிக்கும் பருவம் முடிந்தது. ஒரு வளையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. தாய்ப்பறவைகள் வழக்கம்போல் முன்னாடியே வடக்கே போய்விட்டன. கையை உள்ளே நுழைத்தால் குஞ்சு இருட்டுக்குள் ஒடுங்கும். அதற்கு அந்த வளைதான் உலகம். பாவமாக இருந்தது. தினமும் மீன் ஊட்டினேன்.

வெர்னா அத்தை பார்த்துவிட்டாள். "ஏண்டி, இந்தத் தீவுல பொறந்தவதானே நீ? தீனி போட்டே அதைக் கொல்லப் போறியா? பசிச்சு உடம்பு இளைச்சாத்தான்டி அது பறக்கும்!"

நிறுத்தினேன். நாலு நாள் கத்தியது. மீனை எடுத்துக்கொண்டு பாதி வழி போய்த் திரும்பி வந்தேன். ஐந்தாம் நாள் வளை வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது. அப்புறம் புல்மேட்டில் ஏறிக் கடலைப் பார்த்தது. என்னைக் கண்டும் வாய் திறக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் காற்று எழும்பியதும் பறந்துவிட்டது. யாரும் அதற்கு வழி சொல்லவில்லை.

எப்போது வருவாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பேன். இதில் கேட்கவில்லை.

இனிமேல் பார்சல் அனுப்பாதே, அம்மா.

உன் மகள்