கண்ணாடியைக் கழற்ற மாட்டேன், அம்மா

அம்மா,

காலையில் கண்ணாடி துடைக்க உன் பழைய நூல் சேலைத் துண்டை எடுத்தேன். எத்தனை முறை துவைத்தும் உன் தேங்காயெண்ணெய் வாசம் அதில் போகவில்லை. அடுப்படியிலிருந்து சித்தி சொன்னாள்: "சாயங்காலம் பொண்ணு பாக்க அவுங்க வர்றப்ப மட்டும் கழட்டி வெச்சிரு சாமி. கொஞ்ச நேரந்தான?"

எனக்குச் சுருக்கென்றது. இதே பேச்சைக் கேட்டுத்தானே அன்று நாம் ஏமாந்தோம்? எடப்பாடிக்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது, நீயே என் கண்ணாடியை வாங்கி அரிசி டப்பா மேல் வைத்தாய். எதிரே இருந்த முகமெல்லாம் ஒரே மங்கல். வெள்ளைச் சட்டை தெரிந்ததும் மாப்பிள்ளை என்று நினைத்து, முதல் காப்பியைக் கார் டிரைவரிடம் நீட்டினேன். அந்த மனுஷன் பதறி எழுந்தே நின்றுவிட்டார்! நீ வாயைப் பொத்திச் சிரித்தாய். நான்தான் கூனிக் குறுகினேன். என் பார்வைக் குறை அவர்களுக்குத் தெரிந்துபோனது.

"லேசர் பண்ணிட்டுச் சொல்லுங்க, நாள் குறிச்சுக்கலாம்" என்று போனார்கள். நல்ல இடம், விட மனமில்லாமல் என்னை அஸ்தம்பட்டி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். கருவிழியின் முன்பக்கத்தைத் தெளிவாக மூடியிருக்கும் படலம்தான் கார்னியா. கிட்டப்பார்வைக்கு லேசர் அதைக் கொஞ்சம் சீவித் தட்டையாக்கும். பலருக்கு நன்றாகவே அமையும். என் கார்னியாவோ மெல்லிசு, ஒரு பக்கம் லேசாகப் புடைத்தும் இருக்கிறது. சீவினால் பலமிழந்து இன்னும் பிதுங்கலாம். அப்புறம் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாமல் போகலாம்.

"சீவுனது திரும்ப வளராதுங்களா?" என்று கேட்டாய்.

"வளராதும்மா."

வெளியே வந்ததும் நீயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு, டாக்டர் வேண்டாம் என்றதைச் சொன்னாய். வேறு ஆஸ்பத்திரி பாருங்கள் என்றார்கள். உனக்கு வந்ததே ஒரு கோபம்! "ஏனுங்க, எம்புள்ள கண்ணச் சீவித்தான் உங்க ஊட்டுக்கு அனுப்போணுமா? உங்க சம்பந்தமே வேண்டாமுங்க!" ஆஸ்பத்திரி வாசலே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம், அந்தக் கல்யாணம் நடந்திருந்தாலும் பட்டிருக்க மாட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எனக்காகப் போன் போட ஆளில்லை. அதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்பேனா? உன் வாய் எனக்கும் இருக்கிறது. சித்தியிடம் சொல்லிவிட்டேன்: "கழட்ட மாட்டேன் சித்தி. அவுங்க மட்டுந்தான் பாக்கோணுமா?"

சாயங்காலம், உன் சேலைத் துண்டில் பளிச்சென்று துடைத்த கண்ணாடியோடு காப்பித் தட்டை எடுத்துப்போவேன். இந்தத் தடவை மாப்பிள்ளையை நானும் பார்க்கப்போகிறேன், அம்மா.