நீ ஏறிய பரண்

மச்சாள்,

புதுப் பலகைக்குப் பூசிய தாரின் மணம் இன்னும் என் சேலையில் இருக்கிறது. வாவிக் கரையில், சேற்றில் வேர் ஊன்றி நிற்கிற கண்டல் மரங்களுக்குள்ளே, பறவை பார்க்க வருகிறவர்களுக்கென்று பலகைப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். மகள் நேற்றுக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்ற பெண் நான் முழங்கால் வலியில் நொண்டி வருவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதால வாங்க, இதில படி இல்ல" என்றாள். சக்கர நாற்காலி போகிற அகலத்தில் ஒரு சரிவு. நான் அதில் கால் வைக்காமல் நின்றுவிட்டேன். தலை சுற்றுகிறதா என்று மகள் கேட்டாள். ஓம் என்று சொன்னேன். உன்னைப் பற்றி அங்கே நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் எங்கள் ஊரான கிரானை விட்டு வந்தபோது நீயும் எங்களோடு வந்தாய். தன்னாமுனைக்கு அப்பால், வாவிக் கரையில் இருந்த சின்னப் பறவைக் காப்பிடத்தில் அவருக்குக் காவல் வேலை. வருகிறவர்கள் இருக்க ஓர் ஓட்டு மண்டபம், ஒரு கக்கூசு, கண்டலுக்கு மேலால் வாவியைப் பார்க்க உயரமான மரப் பரண். அவ்வளவுதான் அங்கே இருந்தது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் உன் வலது கால் சூம்பிப் போயிருந்தது. முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி நடப்பாய். பரணின் படிகளோ செங்குத்து, பிடிக்க ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேலே ஏறிக் கூழைக்கடா, நாரை என்று கத்துவார்கள். நீ கீழே நின்று, எந்தப் பக்கம் பறக்குது என்று கேட்பாய்.

படியைக் கண்டு திரும்பிப் போகிற வயதானவர்களை நீதான் கவனித்தாய். அவர்களுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்துவிட்டு வந்து அண்ணனோடு சண்டை பிடிப்பாய். "தூரத்தால வாற சனம். கால் ஏலாட்டி மண்டபத்தப் பாத்துப்போட்டுப் போறதா?"

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவர் பனங்குற்றிகளைச் சேற்றில் இறக்கி, மேலே பலகை அடித்து, கண்டலுக்குள்ளால் தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஒரு பாதை போட்டார். கைபிடி எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதை உன்னை நிறுத்தித்தான் பார்த்தார். முதல் நாள் நீ தனியாக நடந்து போனாய். வெகுநேரம் வரவில்லை. நான் கூப்பிடப் போனேன், அவர் தடுத்துவிட்டார்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. பறவை பார்க்க வருகிறவர்கள் நின்றுபோனார்கள். வீடு விட்டு ஓடிவந்த குடும்பங்கள் மண்டபத்தில் பாய் விரித்தன. ஒரே கக்கூசுக்கு விடிய முதலே வரிசை. மற்றவர்களைக் கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வைத்து அதைத் துப்புரவாக வைத்திருந்தது நீ. துவக்கோடு ஆட்கள் ஊருக்குள் இறங்குகிறார்கள் என்று தெரிந்தால் எல்லோரும் அந்தப் பலகைப் பாதையால் கண்டலுக்குள் போய்விடுவோம். கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கைபிடியைப் பிடித்தபடி போவார்கள். நீ கடைசியாக வருவாய். பிள்ளைகள் அழாமல் இருக்க, சத்தம் போடாமல் விரலால் பறவை காட்டுவாய்.

நாங்கள் அங்கே ஒளிப்பது வெளியே தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று நாங்கள் தேடவில்லை. துவக்கோடு வந்தவர்கள் உன் அண்ணனைக் கூப்பிட்டு, போட்ட கையாலேயே கழற்று என்றார்கள். அவர் பலகை பலகையாகக் கழற்றினார். குற்றிகளையும் பிடுங்க வைத்து, குவித்துக் கொளுத்திவிட்டுப் போனார்கள். நீ மண்டபத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. "நீங்க போடாட்டி நான் வாவியக் கிட்டப் பாத்திரிக்கவே மாட்டன் அண்ணன். சாப்பிடுங்க" என்றாய்.

அடுத்த முறை அவர்கள் வந்தது பகலில். அவர் கோதுமை மா வாங்க டவுனுக்குப் போயிருந்தார். ஓடக்கூடியவர்கள் சேற்றில் இறங்கினார்கள். மகள் என் இடுப்பில் இருந்தாள். நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். முதல் அடியிலேயே உன் கால் புதைந்தது. நீயே பின்னுக்குச் சாய்ந்து காலைப் பிடுங்கிக்கொண்டு, என் கையை உதறினாய்.

"நீ புள்ளையோட போ மச்சாள். என்னை இழுத்தா மூண்டு பேரும் போவம். நான் இஞ்ச ஒளிச்சிரிக்கன். மறுகா, அவங்க போனாப்பிறகு வா."

கழுத்தளவு தண்ணீரில் கண்டல் வேர்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். துவக்கு வெடி கேட்டது. நெடுநேரம் கழித்து வாகனம் போகிற சத்தம் கேட்டது.

மண்டபத்தில் நீ இல்லை. கக்கூசுக்குள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தோம். பரணின் முதல் படியில் சேறு இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. உள்ளங்கை பதிந்த அடையாளம், பக்கத்தில் நீ குந்தி எழும்பிய ஈரம். பிடிக்க ஒன்றும் இல்லாத அந்தப் படிகளில் முதுகு காட்டி, ஒவ்வொன்றாகக் குந்திக் குந்தி ஏறியிருக்கிறாய். மேலே, வாவிப் பக்கம் பார்த்தபடி கிடந்தாய். வேவு பார்க்க ஆள் நிற்கிறது என்று நினைத்துச் சுட்டிருப்பார்கள் என்று சனம் பேசிக்கொண்டது. நீ ஒளிக்கத்தான் ஏறினாயா, நானும் பிள்ளையும் போய்ச் சேர்ந்தோமா என்று பார்க்க ஏறினாயா? எனக்கு இது தெரியாமலே போகப் போகிறது.

அதன் பிறகு நாங்கள் அங்கே இருக்கவில்லை. கல்லடிக்கு வந்துவிட்டோம். உன் அண்ணன் சாகும்வரை பறவைகளைப் பற்றி ஒரு கதையும் எடுத்ததில்லை.

நான் எந்த இடத்துக்குப் போனாலும் என் கண் முதலில் படியில்தான் விழுகிறது. கோயிலோ ஆசுபத்திரியோ, யார் கீழே நிற்க வேண்டி வரும் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அது உன்னிடமிருந்து வந்த பழக்கம். இன்னொன்றும் இருக்கிறது. அன்று அவர் வந்த பிறகு இரண்டு பேருமாக உன்னை இறக்கினோம். அவர் தோள் பக்கம், நான் கால் பக்கம். ஒரே வீட்டில் அத்தனை வருடம் இருந்தும் அந்த வலது காலைத் தொட நீ யாரையும் விட்டதில்லை. சின்னப் பிள்ளையின் கால் அளவுதான் இருந்தது, மச்சாள். இறங்கும்போது அது ஆடாமல் இருக்க நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் நெஞ்சில் அது பட்டிருந்த இடம் எனக்கு இன்னும் தெரியும்.